கபடி, ஓட்டப் பிள்ளைகளின் பல் பிரச்சினை: ஆட்டத்தை எவ்வளவு பாதிக்கும், முன்கூட்டியே என்ன பார்க்கலாம்?

களப்பயிற்சி எழுதியது:

வணக்கம். விளையாட்டு விடுதியில் இருக்கும் 14 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். பாதிப் பேர் கபடி, மீதிப் பேர் 1500, 5000 மீட்டர் ஓட்டம். சீசனுக்கு முன்னால் முழங்கால், கணுக்கால், ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கப்படுகிறது. வாயைத் திறந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

தெரிய வேண்டியது: வலி வந்தால் ஆட முடியாது என்பது சரி, வலியே இல்லாத சொத்தையும் ஈறு வீக்கமும் ஆட்டத்தைக் குறைக்குமா? பயிற்சியில் குடிக்கும் குளுக்கோஸ் தண்ணீர், ஸ்போர்ட்ஸ் டிரிங்க், எலுமிச்சை ஜூஸ் பல்லை அரிக்கும் என்கிறார்கள், அப்படியானால் எதைக் குடிப்பது? கபடிக்கு மவுத்கார்டு போட்டால் பாடிக்கொண்டு போக முடியவில்லை என்று ரைடர்கள் கழற்றி எறிகிறார்கள், அதற்கு வழி உண்டா? பல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்தில் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

---

ஈறும்எனாமலும் எழுதியது:

சார், முதல் இரண்டு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில், விளையாட்டுக் கிராமத்தின் பல் மருத்துவப் பிரிவுக்கு வந்த 302 வீரர்களைப் பரிசோதித்தார்கள். 55 சதவீதம் பேருக்குச் சொத்தை, 45 சதவீதம் பேருக்கு எனாமல் (பல்லின் கடினமான மேல்பூச்சு) அரிப்பு, நான்கில் மூன்று பேருக்கு ஈறு அழற்சி. வாய்ப் பிரச்சினையால் பயிற்சியோ ஆட்டமோ பாதித்தது என்று 18 சதவீதம் பேர் சொன்னார்கள். கிளினிக்குக்கு வந்தவர்கள்தானே, அவர்களுக்குப் பிரச்சினை இருக்கத்தான் செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பிறகு பிரிட்டனில் 11 விளையாட்டுகளைச் சேர்ந்த 352 முன்னணி வீரர்களைப் பார்த்த ஆய்விலும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சிகிச்சை செய்யாத சொத்தை இருந்தது. ஆட்டம் பாதித்ததாகச் சொன்னவர்கள் 32 சதவீதம். அந்த வீரர்களில் 94 சதவீதம் பேர் தினம் இரண்டு வேளை பல் துலக்குகிறவர்கள். ஆகவே "ஒழுங்கா பல்லு விளக்குடா" என்று திட்டுவதால் மட்டும் இது தீராது.

ஆட்டத்தைக் கெடுப்பதில் பெரிய பங்கு தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும். பல்லின் நரம்புக்கூழ் அழற்சியில் பகலில் லேசாக இருக்கும் வலி, படுத்ததும் தலைக்கு ரத்தம் கூடி விண்விண் என்று தெறிக்கும். பையன் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பான், காலையில் உங்களிடம் சொல்ல மாட்டான். ஒரு பக்கமாகவே மெல்லுவான். கறி, சுண்டல், வேர்க்கடலை எல்லாம் தட்டில் அப்படியே இருக்கும், சாதத்தையும் ரசத்தையும் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவான். புரதம் குறைவதை இப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தட்டைப் பாருங்கள்.

வலியில்லாத நோய் பற்றிக் கேட்டீர்கள். ஈறு ஆழமாகக் கெட்டிருப்பவர்களுக்கு ரத்தத்தில் சிஆர்பி போன்ற அழற்சி அளவுகள் கூடியிருக்கும், சிகிச்சை செய்தால் குறையும். இது உறுதியான விஷயம். அதனால் தசைக் காயம் கூடுமா என்பது வேறு கேள்வி. பார்சிலோனா கால்பந்து அணியின் 30 வீரர்களை வைத்து 2011-ல் வந்த ஆய்வில் பல் அழுக்குக்கும் தசைக் காயத்துக்கும் தொடர்பு தெரிந்தது. 30 பேரை வைத்து இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடம்பைக் கவனிக்காதவன் பல்லையும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். "பல்லைச் சுத்தம் செய்தால் ஹாம்ஸ்ட்ரிங் பிடிக்காது" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

மாதம் ஒரு முறை செல்போன் டார்ச்சை வைத்து நீங்களே பார்க்கலாம். தலைக்கு இரண்டு நிமிடம் போதும். உதட்டைத் தூக்கி ஈறோரம் பாருங்கள். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு இருந்தால் அது சொத்தையின் ஆரம்பம், துளை விழவில்லை, ஃபுளோரைடால் திருப்பிவிடலாம். ஈறில் மிளகு அளவுக்கு ஒரு பரு, அமுக்கினால் சீழ் வரும், வலிக்காது. எல்லோரும் ஏமாறுவது இதில்தான். வலி நின்றுவிட்டதே என்று விட்டுவிடுவார்கள். நரம்பு செத்து, வேர் நுனியில் சீழ் வழி கண்டுபிடித்து வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வழி என்றைக்கு அடைபடுகிறதோ அன்றைக்கு முகம் வீங்கும். பிறகு வாயை முழுசாகத் திறக்கச் சொல்லி, அவனுடைய மூன்று விரலை நிமிர்த்திச் செருகச் சொல்லுங்கள். நுழையாவிட்டால், கடைசிப் பல்லின் மேல் ஈறு மூடி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 17 வயதுக்கு மேல் ஞானப்பல் பாதி முளைத்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது மிகவும் சகஜம், போட்டி நெருக்கத்தில் தூக்கம் கெட்டு அலைச்சல் கூடும்போது கிளம்பும்.

பல் மருத்துவரிடம் அழைத்துப் போவதென்றால் முக்கியப் போட்டிக்குக் குறைந்தது 12 வாரம் முன்னால் போங்கள். சொத்தையை அடைப்பது ஒரே நாளில் முடியும். வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும், பிறகு கேப் (பல்லின் மேல் போடும் உறை). கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை முடித்துக் கேப் போடாமல் விட்டால், எடை தூக்கும்போது பல்லைக் கடிக்கிற அழுத்தத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கீழ் ஞானப்பல்லை எலும்பு செதுக்கி எடுத்திருந்தால் ஓட்டக்காரருக்கு ஒரு வாரம் ஓய்வு போதும். கபடிக்காரர் நான்கு வாரம் மோதல் இல்லாமல் இருக்க வேண்டும். எடுத்த இடத்தில் தாடையெலும்பு மெலிந்திருக்கும், முறிவு பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் நடக்கும், அதுவும் வீக்கம் வற்றி "சரியாகிவிட்டது" என்று தோன்றுகிற நேரத்தில்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று வீட்டில் சொல்லித் தடுப்பார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பெற்றோரிடம் ஒரு முறை பொறுமையாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்தப் பயத்தால்தான் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. வலிக்குப் புகையிலையை அடக்குவது, ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது இரண்டையும் தடுங்கள். ஆஸ்பிரின் அந்த இடத்துச் சதையை வெந்தது போல வெளுக்கச் செய்துவிடும்.

செலவுக்கு யோசித்தால், அரசு பல் மருத்துவக் கல்லூரியோ பக்கத்தில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியோ இருந்தால், அங்கே சமூகப் பல் மருத்துவத் துறைக்குக் கடிதம் கொடுங்கள். விடுதிக்கே வந்து முகாம் போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை. முகாமில் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பூசினால் அந்த வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

இனி குடிக்கும் விஷயம். எனாமல் கரையத் தொடங்கும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5.5. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்குகள் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில். எலுமிச்சைச் சாறு அதைவிடப் புளிப்பு. இதைச் சரிக்கட்டுவது எச்சில்தான். பைகார்பனேட், கால்சியம், பாஸ்பேட் எல்லாம் அதில் இருக்கிறது, ஒரு முறை குடித்தால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஓடுகிறவன் வாயால் மூச்சு வாங்குகிறான், வியர்த்து நீர் குறைகிறது, எச்சில் வற்றிப் பசை போல ஆகிவிடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு இனிப்புப் புளிப்பு. எச்சிலுக்கு மீள நேரமே இல்லை. அதனால் எவ்வளவு குடிக்கிறான் என்பதைவிட எத்தனை தடவை குடிக்கிறான் என்பதை எண்ணுங்கள்.

அரிப்பு எப்படித் தெரியும் என்றால், முன்பல்லின் விளிம்பு கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், கடைவாய்ப் பல்லின் மேடுகளில் குண்டூசித் தலை அளவு குழிகள் விழுந்திருக்கும், பழைய அடைப்பு மட்டும் கரையாமல் பல்லைவிட உயர்ந்து நிற்கும். மூன்றாவதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

புளிப்பு குடித்ததும் பிரஷ் எடுக்கக் கூடாது, எனாமல் மேல்தோல் மென்மையாகி இருக்கும், தேய்த்தால் போய்விடும். வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கட்டும். காலைப் பயிற்சிக்குக் கிளம்பும் முன்பே துலக்கிவிடுவது இன்னும் நல்லது. 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்ட், துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். கரித்தூள், செங்கல் பொடி, உப்பு எதுவும் வேண்டாம்.

---

சத்துக்கணக்கு எழுதியது:

டாக்டர் சொன்னதை வைத்து விடுதியில் இனிப்பு பானத்தையே தடை செய்துவிடாதீர்கள், சார். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற பயிற்சிக்குத் தண்ணீர் போதும், மாவுச்சத்து தேவையே இல்லை. அதற்கு மேல் நீளும் நாட்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் தேவைப்படும், அதைப் பல்லுக்குப் பயந்து வெட்டினால் கடைசி அரை மணியில் பையன் கால் இழுப்பான்.

வழி என்னவென்றால், சொட்டுச் சொட்டாகக் குடிப்பதை நிறுத்தி 20 நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் குடிக்க வைத்து, உடனே இரண்டு மடக்கு வெறும் தண்ணீர் கொடுப்பது. ஒவ்வொருவருக்கும் இரண்டு பாட்டில், ஒன்றில் பானம், ஒன்றில் தண்ணீர். ஸ்குவீஸ் பாட்டிலாக இருந்தால் நாக்குக்குப் பின்னால் பீய்ச்சிக் குடிக்கப் பழக்குங்கள், முன்பல்லில் படாது. பானம் குளிர்ச்சியாக இருந்தால் அரிப்பு கொஞ்சம் குறைவு.

உப்புச்சத்துக்கு உலக சுகாதார நிறுவன அளவிலான ஓஆர்எஸ் பொட்டலம் (ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்) நல்லது, அது புளிப்பே இல்லை. பழச்சுவையோடு அட்டைப்பெட்டியில் வருவது அதுவல்ல, சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் எவ்வளவு என்று பின்பக்கம் படித்துப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் மோர் கொடுங்கள். மோரும் புளிப்புதானே என்று கேட்பார்கள். அதில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய இருப்பதால் எனாமலிலிருந்து கால்சியத்தை இழுக்காது. நம்மூரில் கையெட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல மீட்புப் பானம், இதை விட்டுவிட்டுக் கடைப் பாட்டிலுக்கு ஓடுவது வருத்தமாக இருக்கிறது. கடலை மிட்டாயும் பேரீச்சையும் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும்; பயிற்சிக்கு நடுவில் வாழைப்பழம், மிட்டாய் சாப்பாட்டோடு.

---

அச்சும்ஷீட்டும் எழுதியது:

மவுத்கார்டு பத்தி நான் சொல்றேன் சார். ரைடர் கழற்றி எறியறதுல தப்பு ரைடர் மேல இல்ல, கார்டு மேல.

"கபடி"ன்னு சொல்லிப் பாருங்க. 'ப'வுக்கு ரெண்டு உதடும் ஒட்டணும். 'டி'க்கு நாக்கு மடிஞ்சு மேலண்ணத்துல தொடணும். கடையில வாங்கற ரெடிமேட் கார்டு முன்னால தடிச்சு உதட்டைத் தள்ளும், 'ப' வராது. உள்பக்கம் விளிம்பு மொத்தமா இருக்கும், 'டி' போற இடத்துல நாக்கு அதுல இடிக்கும். பாட்டு தெளிவா கேக்கலேன்னா நடுவர் ரைடை நிறுத்திடுவார், பையன் என்ன பண்ணுவான்.

அளவெடுத்துச் செய்யற கார்டுதான் கபடிக்குச் சரி. ஆல்ஜினேட்ங்கற அச்சு மாவுல மேல்வரிசைக்கு அச்சு எடுத்து, கல்மாவுல மாடல் ஊத்தி, அது மேல ஈவிஏங்கற வளையற பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கிப் படிய வைப்பாங்க. செஞ்சு முடிஞ்சதும் முன்பல்லுக்கு வெளிப்பக்கம் 3 மி.மீ., கடிக்கிற பரப்புல 2 மி.மீ., உள்பக்கம் 1 மி.மீ. இருக்கணும். இங்கதான் லேப்ல தப்பு நடக்குது. ஒத்தை 3 மி.மீ. ஷீட்டை வாக்குவம் மெஷின்ல இழுத்தா முன்பல் மேல நீண்டு பாதிக்குப் பக்கமா மெலிஞ்சிடும், கையில பாக்க நல்லாத்தான் இருக்கும், அடி விழுந்தா தாங்காது. பிரஷர் மெஷின்ல ரெண்டு அடுக்கா போடச் சொல்லுங்க. வாங்கும்போது அளவுக் காலிப்பர் வெச்சு முன்பல் இடத்தைப் பிடிச்சுப் பாருங்க, வெக்கப்படாதீங்க. உள் விளிம்பை 'டி' வர்ற வரைக்கும் தேய்ச்சு மெலிசாக்கித் தரச் சொல்லுங்க. கடைவாய்ப் பல்லு எல்லாம் ரெண்டு பக்கமும் சமமா பதியணும், ஒரு பக்கம் மட்டும் இடிச்சா தாடை வலிக்கும்.

பணம் இல்லேன்னா கொதிநீர்ல போட்டுக் கடிக்கிற வகை. எத்தனை விநாடின்னு பெட்டியில போட்டிருக்கும், அதைத் தாண்டாதீங்க. எடுத்து ஒரு விநாடி பச்சைத் தண்ணியில நனைச்சு, வாயில வெச்சு, நடுக்கோடு மூக்குக்கு நேரா இருக்கான்னு பாத்து, மெதுவா கடிக்கணும். காத்தை உள்ள உறிஞ்சிக்கிட்டே வெளிய இருந்து விரலால உதட்டை அமுக்கணும். எல்லாரும் பண்ற தப்பு பலமா கடிக்கிறது. நல்லாப் பதியணும்னு நெனச்சுக் கடிப்பான், கடிக்கிற பரப்பு காகிதமா மெலிஞ்சிரும், அப்புறம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

எதுவானாலும் சோதனை ஒண்ணுதான்: வாயை அகலமாத் திறந்து இருமணும், முப்பது விநாடி விடாம கபடி பாடணும். கீழ விழக்கூடாது, கையால அமுக்கக்கூடாது, பாட்டு கோட்டுக்கு வெளிய நிக்கறவனுக்குக் கேக்கணும்.

வளர்ற பிள்ளைகளுக்குச் சீசனுக்கு ஒண்ணு மாத்தணும், பல்லு நகரும். கம்பி போட்டவங்களுக்கு லேப்ல முன்னாடியே சொல்லிடுங்க, மாடல்ல கம்பி மேல மெழுகு வெச்சு இடம் விட்டுச் செய்வாங்க. கழுவுறது பச்சைத் தண்ணி, சோப்பு. வெய்யில்ல நிக்கற வண்டி டிக்கியில போட்டா வளைஞ்சிரும். தலை அதிர்ச்சியையும் இது நிச்சயமா தடுக்கும்னு சொல்லி வித்தா நம்பாதீங்க, இது முக்கியமா பல்லுக்கும் உதட்டுக்கும் காவல்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நான்காவது கேள்விக்கு. பல்லுக்குப் போடும் மரத்துப்போகும் ஊசி, அதில் அட்ரினலின் கலந்திருந்தாலும், தடையில்லை. பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் தடையில்லை. மாட்டிவிடக்கூடியவை இரண்டு.

ஒன்று, வீக்கம் வற்றுவதற்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்றவை மாத்திரையாகப் பல காலமாகவே போட்டிக் காலத்தில் தடை. ஊசியாக எந்த வழியில் போட்டாலும், ஈறில் போட்டாலும், 2022 ஜனவரி 1 முதல் தடை. ஞானப்பல் எடுத்த அன்று இதைப் போடுவது பல இடங்களில் வழக்கம். போட்டிக் காலம் என்பது போட்டிக்கு முந்தின நாள் இரவு 11.59-க்கே தொடங்கிவிடுகிறது. வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) கொடுத்திருக்கும் கழிவுக்காலக் கணக்கில், அதாவது மருந்து உடம்பை விட்டு நீங்க விட வேண்டிய காலத்தில், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைக்குக் குறைந்தது 3 நாள், தசையில் போடும் ஊசிக்கு 5 நாள். வேர்க்குழாய்க்குள் வைக்கும் ஸ்டீராய்டு பசைக்குத் தடையில்லை.

இரண்டு, டிரமடால் என்ற வலி மருந்து. பாராசிட்டமாலோடு சேர்த்து ஒரே மாத்திரையாக வரும், பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அட்டையின் பின்பக்கம் படிக்க வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. அவசரத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் நாடாவிடம் (இந்தியாவின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) சிகிச்சைக்கான விலக்கு அனுமதி கேட்க வேண்டும், அதற்கு மருத்துவரின் சீட்டும் எக்ஸ்ரேயும் பத்திரமாக இருக்கட்டும்.

தடைப்பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஓட்டக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். பல்வலிக்கு ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையைச் சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள். ஆஃப்லாக்சசின் வகை மருந்துகளுக்குத் தசைநாணைப் பாதிக்கும் எச்சரிக்கை உண்டு, குதிகால் நாண்தான் முதலில். பையன் ஓட்டக்காரன் என்று சொல்லி, அமாக்சிசிலின் ஒத்துக்கொண்டால் அதைக் கேளுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் வெயிலில் தோல் எரியும், மதியப் பயிற்சி வேண்டாம். ஐபுபுரூஃபனை விழுங்கிவிட்டு நீர் வற்ற ஓடவிடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஆன்டிபயாட்டிக் வீக்கத்தை அடக்குமே தவிர சொத்தையை ஆற்றாது. ஐந்து நாள் மாத்திரையில் வலி போனதும் டாக்டரிடம் போகாமல் விடுவதுதான் மறுபடி மறுபடி நடப்பது.

---

களப்பயிற்சி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'டி' வராத காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது. ஒன்று விட்டுப்போனது: பிடிக்கும்போது முழங்கை பட்டுப் பல் முழுசாகக் கழன்று ஆட்ட விரிப்பில் விழுந்தால்?

---

ஈறும்எனாமலும் எழுதியது:

சார், இதற்கு நேரம்தான் எல்லாமே. பல்லைத் தேடி எடுங்கள், வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால்தான் பல் மறுபடி பிடிக்கும். அழுக்கு இருந்தால் பால், உப்புநீர், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் மெதுவாக ஒரு அலசு. துணியால் துடைப்பது, சுரண்டுவது, சோப்பு எதுவும் கூடாது. பையன் நினைவோடு இருந்தால் அங்கேயே அந்தக் குழிக்குள் திருப்பி வையுங்கள். குழிந்த பக்கம் நாக்கைப் பார்த்து உள்ளே, பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வரும்வரை மெல்ல அமுக்கி, சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வைக்க முடியாவிட்டால் பாலில் போடுங்கள். குளிர்ந்த ஆவின் பாக்கெட்டை வெட்டி டம்ளரில் ஊற்றினால் போதும், சூடான பால் கூடாது. பால் கிடைக்காவிட்டால் அவன் எச்சிலையே ஒரு டப்பாவில் துப்பச் சொல்லி அதில் வையுங்கள். தண்ணீரில் ஊறப்போடுவது கடைசி வழி, காயவிடுவதைவிட அது மேல். டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவருவதுதான் மிக மோசம். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் தாண்டினால் அந்தச் சவ்வு செத்துப்போகிறது.

பல் மருத்துவர் அதைப் பக்கத்துப் பற்களோடு வளையும் கம்பியால் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுசாக வளர்ந்த பல்லென்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும், பல் நன்றாகத்தானே நிற்கிறது என்று தள்ளினால் வேர் கரையத் தொடங்கிவிடும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று கேட்பார்கள், பிள்ளைகள் எல்லோருடைய தேதியையும் ஒரு தாளில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். பெட்டியில் மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கையுறை, மலட்டு உப்புநீர் பாட்டில் ஒன்று. விழுந்தது பால் பல்லாக இருந்தால் திருப்பி வைக்கக் கூடாது, உங்கள் பிள்ளைகள் வயதில் அது அநேகமாக இருக்காது. ஆனால் கோடை முகாமுக்கு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு இதை நினைவில் வையுங்கள்.

ஒரு துண்டு மட்டும் உடைந்திருந்தால் அந்தத் துண்டையும் தேடி அதே பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள், பெரும்பாலும் ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்காவிட்டால் உதட்டுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தையல் போட்ட உதட்டுக்குள் பல் துண்டு கிடந்து சீழ் பிடிப்பது அபூர்வமில்லை.